குகைக்குள் தேவாலயம்... வாசலில் காடு!

எத்தியோப்பியாவின் வடபகுதியில் லாலிபெலா என்று ஒரு மலையூர் இருக்கிறது. பாறையைக் குடைந்து செதுக்கிய 11 தேவாலயங்கள் அங்கே உண்டு. 1978-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்தவை. வருகிறவர்களில் பலர் அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால், விவசாயிகள் பார்க்க வேண்டிய இடம் இன்னும் மேலே, வடகிழக்கு மலைச்சரிவில் இருக்கிறது. அதுதான் யெம்ரஹான கிறிஸ்தோஸ் தேவாலயம்.

தூரம் குறைவுதான். ஆனால், பாதை கல்லும் மண்ணுமாக வளைந்து வளைந்து ஏறுவதால், உயரமான ஜீப் வகை வண்டிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வண்டிப்பாதை வருவதற்கு முன்பு, நடந்தோ கோவேறு கழுதையிலோ ஒரு நாள் பயணம்.

வழிநெடுக வயல்கள். நம் நாட்டுக்கலப்பையைப் போலவே மண்ணைப் புரட்டாமல் கீறிப்போகும் மரக்கலப்பையில் ஜோடி மாடு பூட்டி உழுகிறார்கள். உயரமான இடங்களில் பார்லி, அதற்குக் கீழே 'டெஃப்'. கடுகைவிடச் சிறிய தானியம் இது. மாவைக் கரைத்து, சில நாள்கள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தால் 'இஞ்செரா'. நம் ஆப்பத்துக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். நம் கேழ்வரகின் தாயகமும் இந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான்.

வயலைத் தாண்டினால் மொட்டை மலைகள். விறகுக்கும் சாகுபடிக்கும் மேய்ச்சலுக்கும் காடு போய்விட்டது. மழைக்காலத்தில் மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. சரிவுகளில் கல்வரப்பு கட்டி மண்ணைப் பிடித்துவைக்கப் போராடுகிறார்கள்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏறும்போது காட்சி மாறுகிறது. தேவாலயத்தைச் சுற்றி ஓங்கி வளர்ந்த ஜூனிபர் மரங்கள், நிழல், ஈரமண் வாசனை. அந்தக் காட்டுக்குள் ஏறிப்போனால் பெரிய குகை. அதற்குள் முழுசாக ஒரு கட்டடம்! லாலிபெலாவில் இருப்பவை குடைந்தவை, இது கட்டியது. மரச்சட்டம் ஒரு வரிசை, வெள்ளைப் பூச்சுடன் கல் ஒரு வரிசை என மாறி மாறி அடுக்கியிருக்கிறார்கள். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பு, லாலிபெலா மன்னருக்கு முந்தைய யெம்ரஹான கிறிஸ்தோஸ் மன்னர் கட்டியது என்பது மரபு. குகைக்குள் தேங்கிய நீரின் மேல் மரமும் மண்ணும் பரப்பி எழுப்பியதாகச் சொல்கிறார்கள். நம் கோயில்களைப் போல, இங்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

காடு இங்கே மட்டும் எப்படித் தப்பித்தது? தேவாலயத்தைச் சூழ்ந்த மரங்களை ஏதேன் தோட்டத்தின் சாயலாக எத்தியோப்பிய கிறிஸ்தவர்கள் கருதுகிறார்கள். வெட்டுவது பாவம். நம் கோயில்காடுகளைக் காப்பாற்றிய அதே பயபக்தி!

ஆனால், பக்தி கோடரியைத்தான் தடுக்கும், மாட்டைத் தடுக்காது. இங்கிருந்து மேற்கே உள்ள தெற்கு கோண்டார் பகுதியின் தேவாலயக் காடுகளை ஆராய்ந்த வனவியலாளர் அலெமாயெஹு வாசி, இதைத்தான் கவனித்தார். பெரிய மரங்கள் இருந்தாலும், கால்நடைகள் மேய்வதால் அடுத்த தலைமுறைக் கன்றுகள் வரவில்லை. அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் லோமனும் அவரும் பாதிரியார்களிடம் பேசி, காட்டைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப வழிசெய்தார்கள். கற்கள் பக்கத்து வயல்களில் பொறுக்கியவை. காட்டுக்கு வேலி கிடைத்தது. விவசாயிக்குக் கல் இல்லாத வயல் கிடைத்தது.

நம் ஊர் கோயில்காட்டுக்குப் போகும்போது, முழங்கால் உயரக் கன்றுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால், இப்போது நிற்கும் மரங்களோடு அந்தக் காடு முடிந்துவிடும். ஊர்க்கூட்டத்தில் வேலியைப் பற்றிப் பேச அதுவே போதுமான காரணம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை; பாதை சேறாகிவிடும். அக்டோபர், நவம்பரில் போனால் கதிர் முற்றிய டெஃப் வயல்களைப் பார்க்கலாம். அம்ஹாரா பகுதியில் சமீப ஆண்டுகளில் சண்டைகள் நடந்துவருவதால், பாதுகாப்பு நிலவரத்தை விசாரித்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள்.