அவன் ஏன் வர மறுத்தான்?



நோன்புப் பெருநாளன்று உறவினர் ஒருவரின் இல்லத்திற்கு வரமாட்டேன் என்று, என் தங்கையின் எட்டு வயது மகன் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான். "பெரியவர்களுக்கு ஸலாம் சொல்லி வர என்ன வாப்பா அடம்?" என்று கடிந்து, கையைப் பற்றி இழுத்துச் சென்றவள் நான்தான்.

காரணம் தெரிய இரண்டாண்டுகள் ஆயின. இரவில் படுக்கையை நனைத்ததை உடற்சூடு என்றே எண்ணியிருந்தோம். பாடத்தில் பின்தங்கியது கண்டு ஆசிரியை ஒருவர் பொறுமையாகக் கேட்டபோதுதான், அந்த வீட்டின் மாடியறையில் நடந்தது வெளிவந்தது.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்த சொல் என்ன தெரியுமா? "ஆண்பிள்ளைதானே, மறந்துவிடுவான்." அடுத்தது, "நான்கு சாட்சி உண்டா?" மார்க்கத்தின் பெயரால் குழந்தையின் வாயை அடைக்கும் இக்கேள்வி எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. அந்நூர் அத்தியாயம் கூறும் நான்கு சாட்சிகள், கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்துவோரிடம் கேட்கப்படுவது. கொடுமைக்கு ஆளான பிள்ளையிடம் கேட்பதற்கன்று. பருவமடையாத பிள்ளைகளும் மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டும் என்று கற்பிப்பதும் அதே அத்தியாயந்தான். உடலுக்கு மறைவு உண்டென்று பிஞ்சிலேயே சொல்லித் தருகிறோம். அந்த மறைவைப் பிறர் மீறினால் உம்மாவிடம் ஓடிவந்து சொல் என்பதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறோம்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலாரையும் காக்கிறது. அறிந்தும் தெரிவிக்காதிருப்பது அச்சட்டப்படி குற்றம். ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்ள அதில் இடமில்லை. 1098 என்ற எண்ணில் இரவுபகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடையின்றிப் பதிவு செய்யவேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் இலவசமாக முதலுதவி தரக் கடமைப்பட்டது. பெண்களுக்கு 181 என்ற எண்ணும், ஒருங்கிணைந்த சேவை மையங்களும் உள்ளன.

குடும்ப மானத்தை எண்ணி நாங்கள் தயங்கிக்கொண்டிருந்த வேளையில், 1098-க்குப் பேசியவள் என் தங்கை. வீட்டிற்கு வந்த பெண் அதிகாரி சாதாரணச் சேலையில் இருந்தார். அவனோடு பாயில் அமர்ந்தே பேசினார்.

அன்றிரவு அவன் என்னருகே வந்து, "பெரியம்மா, இனி அங்கே போகச் சொல்ல மாட்டீங்கதானே?" என்று கேட்டான்.