இறங்கும் கொடி

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இராயப்பன்பட்டியில் பனிமய மாதா ஆலயம் இருக்கிறது. மாதாவின் திருநாள் ஆகஸ்ட் 5. ரோமாபுரியில் கடுங்கோடையில் ஒரு குன்றின்மேல் பனி பெய்ததாம். அந்தப் பழங்கதையில் பிறந்த பெயர் திராட்சைப் பந்தலும் நெல்வயலுமான கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, இங்கேயே பிறந்ததுபோல் ஒலிக்கிறது. மேகமலையில் தினமும் பனி இறங்குவதைப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய அதிசயமாகவும் படாது. இராயப்பர் என்பதோ பேதுருவுக்குக் கத்தோலிக்கத் தமிழ் வைத்த பெயர். அந்தப் பேதுருவின் இரண்டு சாவிகள்தாம் 1929-இல் வத்திக்கான் தனி நாடானபோது அதன் மஞ்சள் வெள்ளைக் கொடியில் ஏறின. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் ‘கோயிலில் கொடியேற்றம்’ என்றால் சாவி போட்ட அந்தக் கொடி யாருக்கும் நினைவுக்கு வராது. புனிதரின் படம் தீட்டி, மந்திரித்து, கொட்டுமேளத்தோடு தெருச்சுற்றி வந்து கம்பத்தில் ஏறும் துணிதான் கொடி. திருச்சபை நமக்குக் கொண்டுவந்த அடையாளங்கள் பல. அவற்றில் இது மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டது ஏன் என்பது யோசிக்கத்தக்க கேள்வி.

ஒட்டாமல் போனது கேடயச் சின்னம். தேனி மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகள் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எந்தப் பேராயருக்கும் ஒரு சின்னம் உண்டு. நடுவில் கேடயம், அதன்மேல் பச்சை நிற அகலத் தொப்பி, தொப்பியிலிருந்து இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள். அந்தக் குஞ்சங்களை எண்ணிப் பார்த்தாலே பதவி தெரிந்துவிடும்: ஆயர் என்றால் பக்கத்துக்கு 6, பேராயர் என்றால் 10, கர்தினால் என்றால் தொப்பியே சிவப்பாகி 15. கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் சிலுவைக்கு ஒரு குறுக்குக்கட்டை இருந்தால் ஆயர், இரண்டு இருந்தால் பேராயர். எவ்வளவு நுணுக்கமான இலக்கணம்! ஆனால் இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு பங்கில் எத்தனை பேர் இருப்பார்கள்? 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்த வீரன் தான் யார் என்று காட்டக் கேடயத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டான். அதிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. போர்க்களத்துக்குப் போகாத குருமார்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அது கடிதத்தாளிலும் கல்வெட்டிலும் அழைப்பிதழின் மூலையிலும் இருக்கிறது. யார் எழுதினார், யார் திறந்துவைத்தார் என்று சொல்லிவிட்டு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

கொடியின் வேலை வேறு. கயிறு கட்டிய துணி கம்பத்தின் உச்சிக்குப் போனதும் ஊருக்கு ஒரு காலக்கணக்கு ஆரம்பமாகிறது. அன்றிலிருந்து நவநாள், தினமும் மறையுரை, கடைசியில் தேர்ப்பவனி, மறுநாள் கொடியிறக்கம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை என்று இந்தக் கணக்கு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. திருப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு அம்மா போனில் சொல்வது ‘கொடியேறியாச்சு’ என்ற ஒரே சொல். லீவு போடு, வண்டி ஏறு என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

இது இந்துக் கோயில் வழக்கத்தைக் காப்பியடித்தது, கிறிஸ்தவத்துக்கு உரியதே அன்று என்று சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. கோயில் கொடிமரம் மூத்தது என்பதில் சந்தேகமில்லை. இதே மாவட்டத்தில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு மூன்று கிளை பிரிந்த கம்பத்தை நட்டு, ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து அதற்கு ஊற்றித்தான் சித்திரைத் திருவிழாவை நடத்துகிறார்கள். குமுளி தாண்டிப் போனால் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய கோயில்கள் முன்னாலும் கொடிமரம் நிற்கிறது. இரவல்தான். ஆனால் கேடயமும் படைவீரனிடம் வாங்கிய இரவல் என்பதை மறந்துவிட்டு கொடியை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் பல சபைகள் இணைந்து உருவான அது, தன் சின்னத்தில் சிலுவையோடு தாமரையை வைத்தது. படத்துணியையும் ஆரவாரத்தையும் சந்தேகமாகப் பார்க்கிற மரபிலிருந்து வந்தவர்களுக்கும் உள்ளூர்ப் பூ ஒன்று வேண்டியிருந்தது.

சின்னம் என்பதே தமிழனுக்கு அந்நியம், அதனால்தான் கேடயம் ஒட்டவில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. பாண்டியனுக்கு மீன், சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில்; முருகனுக்குச் சேவல். ஆதிக் கிறிஸ்தவர்களும் மீனைத்தான் அடையாளமாக வரைந்தார்கள் என்பதால், பாண்டிய நாட்டில் மீனைப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் பொருந்தியிருக்கும். ஆக, இலச்சினை நமக்குத் தெரிந்த சங்கதிதான். என் கணக்கில் வேறுபாடு ஒன்றே ஒன்று: கேடயம் பதித்த இடத்தில் பதிந்தே இருக்கும், திருவிழாக் கொடி இறங்கிவிடும். அரசன் கொடி இறங்கினால் தோல்வி. திருவிழாக் கொடி இறங்கினால் விழா நல்லபடியாக முடிந்தது என்று பொருள். கொண்ட இடத்தில் நிலைத்து நிற்கும் கொடி என்ன ஆகும் என்பதற்கும் சான்று நம் கண்முன்னே இருக்கிறது. கட்சிகளும் சாதி அமைப்புகளும் பொது இடங்களில் நட்ட நிரந்தரக் கொடிக்கம்பங்களை 12 வாரங்களுக்குள் அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. முச்சந்திக் கம்பம் ‘இது எங்கள் இடம்’ என்கிறது. கோயில் கம்பம் சொல்வது ‘பத்து நாள், வந்துவிட்டுப் போங்கள்’.

எல்லாரையுமா வரச்சொல்கிறது? இதுதான் மற்ற கேள்விகளைவிடக் கனமானது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஒரே மாதாவின் முன்னால் மண்டியிடுகிறவர்கள்தாம். கொடியைச் சுமக்கிறவர் யார், தேர் எந்தத் தெருவோடு திரும்பும் என்பதில் சாதி உட்கார்ந்துகொண்டால், திருவிழாக் கொடிக்கும் முச்சந்திக் கொடிக்கும் நான் காட்டிய வேறுபாடு அந்த இடத்திலேயே அழிந்துபோகிறது. ஆனால் அதைச் சண்டைபோட்டுக் கேட்க முடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கொடி வருடத்துக்கு ஒருமுறை இறங்கி மறுபடி ஏறுவதால், இந்த வருடம் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று கேட்பதற்கு ஒரு நாள் இருக்கிறது. கடிதத்தாள் மூலையில் இருக்கும் தொப்பியிடமும் குஞ்சத்திடமும் யாரும் அப்படி ஒன்றும் கேட்டதில்லை.