பட்டிப்பொல மலைப்பாதையிலே

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கரவண்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆயினும், அவ்வண்டியிலே கியர் பூட்டவேண்டிய தேவை அங்கு அதிகம் எழுந்ததில்லை. காங்கேசன்துறையிலிருந்து பண்ணைப் பாலம்வரை மிதித்தாலும் மேடு என்று சொல்லத்தக்க மேடு எதிர்ப்படாது. எதிர்ப்படுவது சோளகக் காற்று ஒன்றே. எனவே, சமதரையிற் பழகிய நாம் மலைநாட்டுக்குச் சென்று வண்டி ஓட்டப் புகுந்தால், கால் கற்கவேண்டிய பாடத்தைக் காட்டிலும் கை கற்கவேண்டிய பாடம் பெரிதாக இருக்கிறது.

ஓகஸ்ட் விடுமுறையிலே நாம் மூவர் நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொலவுக்கு மிதிவண்டியிற் சென்றுவந்தோம். எம்முடன் வந்தவர்கள், எம் நண்பரான கணித ஆசிரியர் ஒருவரும், உயர்தர வகுப்பிற் பயிலும் அவருடைய மருமகனும் ஆவர். ஆசிரியர் ஓய்வுபெறும் வயதை அண்மியவர்; முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்துக்கு மிதிவண்டியிலே சென்றவர். அண்மைக் காலமாக அவருடைய வலக்கைப் பெருவிரலின் அடிமூட்டிலே நோவு கண்டிருந்தது. மருமகனோ, சேர்த்துவைத்த பணத்தில் ஒரு மலைவண்டி வாங்கும் எண்ணம் கொண்டிருந்தார். வாங்கவிருக்கும் வண்டியின் கைபிடியிலே எவ்வகைக் கியர்மாற்றி இருக்கவேண்டும் என்பதே அவருடைய மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

இருவகை மாற்றிகள்

வாடகைக்கு நாம் பெற்ற வண்டிகள் மூன்றிலும் முன்னே மூன்று பற்சில்லுகளும் பின்னே எட்டுப் பற்சில்லுகளும் இருந்தன. ஆனால், அவற்றை மாற்றும் கருவி ஒரே வகையினதன்று. இரு வண்டிகளிலே கைபிடிக்குக் கீழே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் எட்டும்படி இரண்டு சிறு நெம்புகள் இருந்தன. துப்பாக்கியின் விசையைப் போல விரலால் இயக்கப்படுவதால் கடைக்காரர் இதனை ‘ட்றிகர்’ என்பர். மூன்றாவது வண்டியில் நெம்பு இல்லை. கைபிடியின் உட்புறப் பாதியே சுழன்றது. மோட்டார்ச் சைக்கிளின் வேகப்பிடியைப் போலத் திருகினால் கியர் மாறும். இதற்குக் ‘கிறிப் சிப்ட்’ என்று பெயர். முன்னையதை விசைநெம்பு என்றும் பின்னையதைத் திருகுபிடி என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

வெளித்தோற்றம் வேறாயினும் இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே. மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றை அளவாக இழுப்பதும் அளவாக விடுவதுமே அத்தொழிலாகும். அக்கம்பியின் மறுமுனையில் உள்ள சங்கிலிமாற்றி, சங்கிலியை ஒரு பற்சில்லிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துகிறது. 22 பற்கள் கொண்ட முன்சில்லிலிருந்து 34 பற்கள் கொண்ட பின்சில்லுக்குச் சங்கிலி ஓடுமாயின், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றச் சக்கரம் மூன்றில் இரண்டு பங்கே சுழலும், ஏற்றம் எளிதாகும். 42 பற்களிலிருந்து 11 பற்களுக்கு ஓடுமாயின், சக்கரம் நாலுக்குச் சற்றுக் குறைந்த சுற்றுச் சுழலும். இறக்கத்துக்கும் சமதரைக்கும் அது ஏற்றது. 44 பற்களும் 18 பற்களும் பூண்ட கியரில்லாத வண்டி எந்த வேளையிலும் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுடனேயே நிற்கும்.

கைபிடியிலே கியர்மாற்றி வைப்பது புதிய வழக்கமன்று. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே 1902 ஆம் ஆண்டளவில் உருவான ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று கியர்க் குடம், பின்னாளில் விரல்நெம்பு ஒன்றுடன் றலி வண்டிகளிற் பூட்டப்பட்டு வந்தது. மலைவண்டி பிறந்ததோ கலிபோர்ணியாவிலே. மரின் மாவட்டத்து இளைஞர், பழைய பாரமான வண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டுபோய்ச் செங்குத்தான மண்பாதையில் ஓட்டி இறங்கினர். 1976 ஆம் ஆண்டு அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ‘றீபக்’ என்று பெயர். ஓர் இறக்கத்திலேயே பிறேக்கின் குடத்திலுள்ள கிறீஸ் எரிந்து புகைந்துவிடுமாம். மீண்டும் கிறீஸ் அடைக்கவேண்டி வந்தமையால் அப்பெயர் வந்தது. பின்பு, யப்பானின் சகாய் நகரத்துச் சிமானோ நிறுவனம் 1990 ஆம் ஆண்டளவில் விசைநெம்பைப் பரப்பியது. 1987 இல் அமெரிக்காவின் சிக்காகோவிலே தோன்றிய ஸ்ராம் நிறுவனம் திருகுபிடியைக் கொண்டுவந்தது. அன்று தொடங்கிய ‘எது மேல்?’ என்னும் வாதம் மலைவண்டி ஓட்டுவோரிடையே இன்னும் ஓயவில்லை.

பனியும் ஏற்றமும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. பட்டிப்பொலப் புகையிரத நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் இதுவே. இரண்டுக்கும் வித்தியாசம் 23 மீற்றரே. இதைக் கேட்ட மாணவர், “அப்படியென்றால் பாதை மட்டமாய்த்தானே இருக்கும், சேர்?” என்றார். அவருடைய மாமா சிரித்தார். தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் இருப்பதால் இடைவழி மட்டம் என்று கொள்ளலாகாது என்பதைக் கணித ஆசிரியரை விட யார் அறிவார்?

பதுளை வீதியிலிருந்து பிரிந்து மீப்பிலிமான, அம்பேவெல ஊடாகச் செல்லும் அப்பாதை, இறங்கியும் ஏறியும் வளைந்தும் போகின்றது. இருபுறமும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகள் படிப்படியாக மலைச்சரிவை மூடியுள்ளன. அதிகாலையிலேயே தோட்டக்காரர் மரக்கறி மூடைகளை வீதியோரத்தில் அடுக்கிவிடுகின்றனர். அவற்றை ஏற்றும் லொறிகளின் சில்லுகளோடு வயற்சேறும் வீதிக்கு வந்துசேருகிறது. அம்பேவெலவை அண்மியதும் காட்சி மாறுகின்றது. புல்வெளிகளும் மேயும் பசுக்களும் பனிக்குள் மறைந்து தோன்றும் காற்றாலைகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாதலால் மழை, தூறல், பனிமூட்டம் மூன்றும் மாறிமாறி வந்தன. விரல்நுனிகள் விறைத்தன.

இந்த விறைப்பிலேதான் கருவியின் குணம் தெரியத் தொடங்கியது. ஆசிரியரும் நாமும் விசைநெம்பு வண்டிகளில் ஏறியிருந்தோம். அக்கருவியிலே, பெரிய பின்சில்லுக்கு மாறுவதற்குப் பெருவிரலால் நீண்ட நெம்பை உந்தவேண்டும். சங்கிலிமாற்றியின் வில்லை எதிர்த்து உந்துவதால் அப்போதே வலு அதிகம் தேவைப்படும். ஏற்றம் கடுமையாகக் கடுமையாக அந்த உந்தல் அடிக்கடி வேண்டும். நோயில்லாத விரலுக்கு இது பொருட்டன்று. சொடுக்கென்ற ஓசையுடன் ஒரு கியர் தவறாது மாறும். நெடுக உந்தினால் இரண்டு மூன்றும் மாறும். ஆனால், எம் நண்பர் அம்பேவெலவுக்கு முன்னுள்ள ஏற்றத்திலே கியரை மாற்றாமலே கனத்த மிதியை மிதித்து வருவதைக் கண்டோம். சிறிது தூரத்தில் அவர் இறங்கி, வண்டியை மதிலிற் சாய்த்துவிட்டுக் கையைக் கக்கத்துள் வைத்துக்கொண்டு நின்றார்.

“மூச்சு இளைக்கவில்லை, மாஸ்டர். முழங்கால் நோகவில்லை. இந்த ஒரு பெருவிரலுக்காகவா சைக்கிளை விடவேண்டும்?” என்றார்.

அவர் குரலில் இருந்தது களைப்பன்று. மனைவியை இழந்தபின் அவருக்கு மாலைவேளையில் துணையாக இருப்பது அந்த மிதிவண்டி ஒன்றே என்பதை நாம் அறிவோம்.

மருமகன் ஒன்றும் பேசாமல் தம் திருகுபிடி வண்டியை அவர் பக்கமாக நகர்த்தினார். “இதை ஒருக்கால் பாருங்கோ, மாமா” என்றார்.

திருகுபிடியிலே பெருவிரலுக்குத் தனி வேலை இல்லை. உள்ளங்கையும் எல்லா விரல்களும் கூடிப் பிடியைத் திருப்புகின்றன, மணிக்கட்டு துணைநிற்கிறது. தடித்த கையுறை அணிந்திருந்தாலும், விரல் விறைத்திருந்தாலும், பிடி கைக்குள் இருப்பதால் நெம்பைத் தேடவேண்டியதில்லை. அன்றியும், ஒரே திருகலிற் பல கியர்களைக் கடக்கலாம். வளைவு திரும்பியதும் திடீரென்று ஏற்றம் எதிர்ப்பட்டால் இது பேருதவியாகும். அம்பேவெலவிலிருந்து பட்டிப்பொலவரை நண்பர் எமக்கு முன்னாலேயே சென்றார். நிலையத்திலே தேநீர்க் கோப்பையை வலக்கையாலேயே பிடித்தார்.

இறக்கத்திலே நேர்ந்தது

இவ்வளவோடு முடிந்திருந்தால் திருகுபிடியே சிறந்ததென்று எழுதி அமைந்திருப்போம். திரும்பும் வழி வேறொரு பாடத்தைக் கற்பித்தது.

அம்பேவெலவில் மாணவர் மீண்டும் திருகுபிடி வண்டியை வாங்கிக்கொண்டார். இறக்கத்தையும் அதிலே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. ஈர வீதியிலே இறங்கும்போது கைபிடியை இறுகப் பற்றவேண்டியிருக்கிறது. சுட்டுவிரல் எந்நேரமும் பிறேக்கின் மேல் இருக்கவேண்டும். மீப்பிலிமானவை அண்மிய ஒரு வளைவிலே முன்சக்கரம் குழியொன்றில் விழுந்தெழுந்தது. அதிர்ச்சியிற் பற்றிய கை பிடியையும் சேர்த்துத் திருகிவிட்டது. சங்கிலி கனத்த கியருக்குப் பாய்ந்தது. வளைவின் அப்பாலோ சிறு மேடு. மிதி அசையவில்லை; வண்டி தள்ளாடியது; மாணவர் காலை ஊன்றி வீதியோரம் இறங்கினார். பின்னால் வந்த மரக்கறி லொறி ஒலியெழுப்பிக்கொண்டு எம்மைக் கடந்து சென்றது. எவருக்கும் காயமில்லை. ஆயினும், சில கணங்கள் மூவரும் வாய்திறக்கவில்லை.

விசைநெம்பில் இத்தகைய தவறுக்கு இடம் குறைவு. கைபிடி அசையாது நிற்கும்; எவ்வளவு இறுகப் பிடித்தாலும் கியர் மாறாது. சுட்டுவிரல் பிறேக்கில் இருக்கையிலே பெருவிரல் நெம்பை உந்தலாம். ஒரே வேளையில் வேகத்தைத் தணிக்கவும் அடுத்த மேட்டுக்கு ஆயத்தமாகவும் முடியும். திருகுபிடியிலோ பிறேக்கைப் பிடித்தபடி திருகுவதற்குத் தேர்ந்த பழக்கம் வேண்டும். கரடுமுரடான இறக்கங்களில் ஓட்டுவோர் பெரும்பாலும் விசைநெம்பையே விரும்புவதன் காரணம் இதுவாகும்.

திருத்தமும் பராமரிப்பும்

மாலையிலே வண்டிகளை ஒப்படைத்தபோது, அங்கே திருத்த வேலை செய்யும் முதியவரிடம் மாணவர் கேள்விமேற் கேள்வி கேட்டார். அவர் விடைகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

விசைநெம்பின் உள்ளே சிறு விற்களும் கொளுவிகளும் பல உள. நெடுநாள் ஓடாது நின்ற வண்டியில் உள்ளிருக்கும் கிறீஸ் இறுகி, நெம்பு எதையும் பற்றாமல் வெறுமனே போய்வரும். கருவி பழுதென்று எறிந்துவிடாது, மெல்லிய எண்ணெய் விட்டுப் பலமுறை அசைத்தால் பெரும்பாலும் உயிர்பெறும். திருகுபிடியிலே உறுப்புகள் சில. வண்டி விழுந்தாலும் வெளியே நீட்டிக்கொண்டு முறியத்தக்கது எதுவுமில்லை. ஆனால், சேறு புகுந்தாலோ கம்பியின் உறையிலே துரு ஏறினாலோ திருகுவது கடினமாகும். சில வகைகளிற் கம்பி மாற்றுவதும் பொறுமையைச் சோதிக்கும். இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றுண்டு. மாற்றி இழுக்கும் கம்பியின் அளவும் பின்னேயுள்ள சங்கிலிமாற்றி எதிர்பார்க்கும் அளவும் ஒத்திருக்கவேண்டும். ஒரு நிறுவனத்தின் மாற்றியை வேறொரு நிறுவனத்தின் சங்கிலிமாற்றியோடு விசாரியாமல் இணைத்தால், கியர் ஒருபோதும் சரியாக விழாது.

இக்காலத்து உயர்ந்த மலைவண்டிகளிலே முன்னே ஒரே பற்சில்லும் பின்னே பன்னிரண்டும் அமைந்து, வலக்கை மாற்றி ஒன்றே போதுமானதாகியுள்ளது. 2019 ஆம் ஆண்டுமுதல் கம்பியின்றி மின்கலத்தால் இயங்கும் மாற்றிகளும் மலைவண்டிகளுக்கு வந்துள்ளன. அவற்றின் விலை மாணவர் கைக்கு எட்டுவதன்று. சாதாரண விலையிலே கிடைப்பவற்றுள் விசைநெம்பே பெரும்பான்மை. சிறுவர் வண்டிகளிலும் மலிவான வண்டிகளிலும் திருகுபிடி இன்றும் காணப்படுகிறது.

மலைநாட்டிற் பல்கலைக்கழகப் படிப்புக்கு இடங்கிடைக்கும் என நம்பியிருக்கும் அம்மாணவர், விசைநெம்புள்ள வண்டியையே வாங்குவதெனத் தீர்மானித்தார். அவருடைய மாமா, தம் பழைய வண்டிக்கு மூன்று கியர்க் குடமும் திருகுபிடியும் பூட்டுவதற்குக் கொக்குவிலில் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்திலே அவருக்கு மலையிறக்கம் இல்லை, எதிர்க்காற்று உண்டு. அதற்கு மூன்று கியர் போதும்.

பிள்ளைகளுக்கு வண்டி வாங்கும் பெற்றோர் வர்ணத்தையும் விலையையும் பார்க்குமுன், பிள்ளையின் கையைப் பார்ப்பது நன்று. சிறு விரல் நெம்புக்கு எட்டுகிறதா, அதனை உந்த வலு உண்டா, பிறேக்கைப் பிடித்தபடி கியரை மாற்ற முடிகிறதா என்பவற்றைக் கடை வாசலிலேயே சோதிக்கலாம். பிள்ளை நாளாந்தம் செல்லும் பாதை சமதரையா, மேடுபள்ளமா என்பதையும் எண்ணவேண்டும். கடைக்காரர் ஒரு வண்டியைப் புகழ்ந்து மற்றொன்றை இகழ்ந்தால், இரண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்வரை பணத்தைக் கொடுக்காதிருப்பதே தக்கது.