நாலு மீட்டர் காரும் ஏழு வருட டியூவும்

"மாசம் எவ்வளவு சார் கட்ட முடியும்?"

ஷோரூமில் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். வீட்டில் எத்தனை பேர், வண்டி தினமும் ஓடுமா என்பதெல்லாம் அப்புறம்தான். நாம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அந்தத் தொகைக்குள் வராத கார் என்று ஒன்று ஊரிலேயே கிடையாது. ஐந்து வருடக் கடனை ஏழு வருடமாக்கினால் எதுவும் வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 சதவீத வட்டிக்கு 6 லட்சம் வாங்கி 5 வருடத்தில் அடைத்தால் டியூ சுமார் 12,450 ரூபாய். மொத்த வட்டி ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 7 வருடம் என்றால் டியூ 9,650 ஆக இறங்குகிறது, வட்டியோ 2 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டுகிறது. மாதம் மிச்சமாகும் 2,800 ரூபாயைக் காட்டித்தான், "இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடலே எடுத்துடலாம் சார்" என்கிறார் அந்தத் தம்பி. அவருக்கு மாதக் கடைசி டார்கெட். குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் "ஃப்ளாட் 5 பர்சென்ட்தான்" என்று யாராவது சொன்னால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட வேண்டும். ஃப்ளாட் வட்டியில் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. கடைசி மாதத்திலும் முழு 6 லட்சத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்போம். ஐந்து வருடக் கடனில் அந்த 5, வங்கிகள் சொல்லும் கணக்கில் 9-ஐத் தாண்டிவிடும்.

கடன் இப்படி நீள்கிறது, கார் நீளவில்லை. 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து நம் குடும்பக் காரின் அளவை நிதியமைச்சகம்தான் தீர்மானிக்கிறது. நாலு மீட்டரைத் தாண்டியிருந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-இல் பின்பக்கம் குறுகி 3,995 மில்லிமீட்டராக வந்து நின்றது. போன இடம் டிக்கி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. கத்தரிக்கோல் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. டிக்கியில் ஒரு பெரிய பெட்டியை வைத்தால் அரிசிப் பையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் காரைச் சரியாகச் சோதித்தவர் அம்மாதான். மகள் சன்ரூஃபைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் மைலேஜ் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி உட்கார்ந்தார். தாழ்வான சீட் என்றால் இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் கை ஊன்ற வேண்டியிருந்தது. சற்று உயரமான ஒன்றில் அப்படியே கால் நீட்டி இறங்கிவிட்டார். "இதுல ஏறலாம்டா" என்றார். எந்த விளம்பரத்திலும் இல்லாத அளவுகோல் அது.

அதே வண்டியில் நடு வேரியன்ட், 5 வருடம் என்று முடிவானது. சன்ரூஃப் போனதில் மகளுக்கு இரண்டு நாள் கோபம். ஆன்-ரோடு விலைச் சீட்டில் இன்ஷூரன்ஸ் தொகையை மட்டும் வெளியிலும் விசாரித்தேன். ஷோரூமில்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விசாரித்ததைச் சொன்னதுமே தொகை இறங்கியது.

டெலிவரி அன்று அட்டையில் செய்த ராட்சத சாவியோடு போட்டோ, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆர்சியில் என் பெயரோடு வங்கியின் பெயரும் ஏறியிருக்கிறது. கடைசி டியூ கட்டினாலும் அது தானாக நீங்கிவிடாது என்று வண்டி வாங்கி விற்கும் பக்கத்து வீட்டுக்காரர் எச்சரித்தார். வங்கியிடம் என்ஓசியும் படிவம் 35-உம் வாங்கி ஆர்டிஓவில் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டுமாம். விற்கப் போகும் நாளில்தான் பலருக்கு அது ஞாபகம் வருகிறது என்றார், அதில் அவருக்கு ஏதோ வருமானம் இருப்பதுபோல் சிரித்துக்கொண்டே.