நினைவில்லாதவருக்காக யார் முடிவு சொல்வது?

"வென்டிலேட்டர் போடலாமா? இதயம் நின்னா அழுத்திப் பார்க்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க."

ஐசியு வாசலில் இப்படிக் கேட்டதும் அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை ஒன்று சொல்வார். உள்ளே நினைவிழந்து கிடக்கும் அப்பா என்ன விரும்பினார் என்பது ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊரான வேங்கிக்காலில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித் தவித்துவிட்டன.

இதற்கென்று நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்தான் வழி. மும்பை கேஇஎம் மருத்துவமனை செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அவரைச் சாகவிட அனுமதி கேட்டுப் போட்ட மனுவை 2011இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாக அவரைப் பராமரித்த செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். ஆனாலும் பலனற்ற சிகிச்சையை விலக்கும் வழி அந்தத் தீர்ப்பில்தான் திறந்தது. நம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை 2018இல் வந்தது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசடட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான்.

எழுதிவைக்காதவர் என்றால் குடும்பத்தின் சம்மதத்தோடு, சிகிச்சையை விலக்கலாமா என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று டாக்டர்கள். இரண்டாவது குழுவில் மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிப்பவர் ஒருவர். தாமதம்தான். இருந்தாலும் பணத்துக்காகவோ சொத்துக்காகவோ ஒரே ஆள் முடிவெடுத்துவிட முடியாது என்பதால் இது அவசியம் என்றே நினைக்கிறேன்.

கலெக்டர் ஆபீஸ் நம் ஊரிலேயே இருக்கிறது, கெசடட் அதிகாரியின் சான்றுக்கு அலைய வேண்டாம். அப்பா அம்மா தெளிவாகப் பேசும்போதே தயவுசெய்து கேட்டு எழுதி வையுங்கள்.