விடுப்புச் சீட்டும் களிம்புக் குழாயும்

படைவீரரிடையே பால்வினை நோய்த் தடுப்பு விடுப்புச் சீட்டில் தொடங்குகிறது. சீட்டில் கையெழுத்தாகும் மேசையிலேயே ஆணுறையும் கிடைக்க வேண்டும். திரும்பி வந்து எரிச்சல் என்றபின் நீட்டும் மாத்திரைக்குப் பெயர் சிகிச்சை.

பென்சிலினுக்கு முந்தைய தலைமுறைக்குத் தடுப்பு கைப்பழக்கமாகவே தெரியும். 1906இல் நுண்ணுயிரியலாளர்கள் மெச்னிகாஃபும் ரூவும் குரங்குகளில் சோதித்துக் காட்டிய கலோமல் என்ற பாதரசக் களிம்பு, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் தடுப்பு நிலையங்களுக்கு வந்தது. உறவு கொண்டு திரும்பிய வீரர் சிறுநீர் கழித்து, சோப்பால் கழுவியதும், சிறுநீர்த் தாரைக்குள் வெள்ளி மருந்துக் கரைசலைச் செலுத்தி ஐந்து நிமிடம் பிடித்து வைப்பர். பிறகு களிம்பை அழுத்தித் தேய்ப்பர். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். பின்னால் வரிசை நிற்கிறதென்று இரண்டாகச் சுருக்கினால் மொத்த வேலையும் வீண். நேரம் கடந்து வருபவருக்கும் பயன் மணிக்கு மணி குறையும்.

இத்துறையின் பெரிய ஆசான் மருத்துவரே அல்லர். நியூசிலாந்தின் சுருக்கெழுத்தாளர் எட்டி ரௌட். போரின்போது எகிப்து சென்றவர், வீரர்களின் நிலையைப் பார்த்தபின் களிம்பு, ஆணுறை, பெர்மாங்கனேட் படிகம் அடங்கிய பொட்டலத்தை உருவாக்கினார். பாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கும் வீரர்களை எதிர்கொண்டு, பாதுகாப்பான விலைமாதர் விடுதியின் முகவரிச் சீட்டையும் கையில் திணித்தார். 1917 இறுதியில் நியூசிலாந்துப் படை அந்தப் பொட்டலத்தை விடுப்பில் செல்வோருக்கு இலவசமாக, கட்டாயமாக வழங்கத் தொடங்கியது. அவருக்குக் கிடைத்த கைம்மாறு, சொந்த நாட்டுப் பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தால் 100 பவுண்டு வரை அபராதம் என்ற தடை. பொட்டலம் மட்டும் வேண்டியிருந்தது.

தீராத சிக்கல் மறைப்பு. நோயுற்ற நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் சட்டம் அமெரிக்கப் படையில் 1944 வரை இருந்தது. சம்பளம் போகுமென்றால் எவர் வாய் திறப்பார்? புண்ணை மறைத்து வெளியே அரைகுறை வைத்தியம் தேடத்தான் அது வழிவிட்டது.

1943இல் பென்சிலின் சிபிலிஸைக் குணமாக்குவது தெரிந்ததும் பழைய ஒழுங்கு தளர்ந்தது. ஓர் ஊசியில் தீர்வதற்கு இத்தனை பாடு எதற்கு என்ற எண்ணம் இளைய மருத்துவர்களை இன்றும் விடவில்லை. வெட்டைக் கிருமியோ 1976இலேயே பென்சிலினைச் சிதைக்கும் நொதியோடு வந்துவிட்டது. இன்று அதற்கு நம்பி எடுக்கக்கூடியது பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் படையில் சேரும்போதே போட்டுவிடலாம். அது எளிய வேலை. துணை யார் என்று பொறுமையாகக் கேட்டு, அவருக்கும் மருந்து சேர்ப்பதுதான் கடினம். அந்தக் கேள்வியைக் கேட்காத முகாமுக்கு அதே வீரர் அதே வெட்டையோடு திரும்பி வருவார்.