காது வேர்க்கும் ஊரில்

கேமிங் ஹெட்செட் பெட்டியின் மேலே 50 மில்லிமீட்டர் டிரைவர், 7.1 சரவுண்ட், வண்ண விளக்கு என்று என்னென்னவோ அச்சடித்திருக்கும். சித்திரை மாதத்தில் ஒரு மணி நேரம் மாட்டியிருந்தால் காது என்ன பாடு படும் என்பதை மட்டும் எந்தப் பெட்டியும் சொல்லாது. சென்னையில் உட்கார்ந்து விளையாடுகிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிப் பழகிய தலைமுறை என்னுடையது. அங்கே சௌகரியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்பாஞ்ச் போன பிளாஸ்டிக் வளையம் காதை அழுத்தும். முன்னால் ஆடிவிட்டுப் போனவனின் தலை எண்ணெய் அதில் பளபளக்கும். ஒரு பக்கம் கேட்டால் மறு பக்கம் கேட்காது. மணிக்குக் காசு கொடுத்தாயிற்று என்பதால் யாரும் முகம் சுளித்ததில்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு விடிய விடிய ஆடத் தொடங்கிய பிறகுதான் தலையில் மாட்டுகிற சாமானைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தோம்.

இந்தக் கவலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கேட்கும் திறனில் அதற்கு ஈடில்லை என்று ஒப்புக்கொண்ட அதிகாரிகள், பல மணி நேரம் மாட்டினால் தலைப்பட்டை உறுத்துகிறது என்றார்கள். தோல் சுற்றிய கம்பிகளை வைத்து, அளவைக் கூட்டிக் குறைக்கும்படி அவர் பட்டையை மாற்றியமைத்தார். ஒலி முதலிலேயே தேறிவிட்டது, இழுத்தடித்தது சௌகரியம்தான்.

இன்றைய கேமிங் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 250 முதல் 350 கிராம் எடை வருகின்றன. எடையை விட, அது எங்கே இறங்குகிறது என்பது முக்கியம். பட்டை உச்சந்தலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், அரை மணியில் அங்கே விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி வரும். ஸ்டீல்சீரிஸ் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஆர்க்டிஸ் ஹெட்செட்டில், பனிச்சறுக்குக் கண்ணாடிக்கு இருப்பது போன்ற எலாஸ்டிக் துணிப்பட்டையை வைத்தது இதற்காகத்தான். அடுத்தது இறுக்கம். கழன்று விழாத அளவுக்குக் கவ்வ வேண்டும், பொட்டு வலிக்கக் கூடாது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் மண்டைக்கும் நடுவே மாட்டி அழுத்தும். அந்த இடுக்கு வழியே பேஸ் ஒலியும் கசிந்துவிடும்.

வெயிலும் மின்விசிறியும் சேர்ந்து செய்கிற கூத்து தனி. ஃபேனை வேகமாக வைத்தால் மைக்கில் சூறாவளி அடிக்கும். "டேய், ஃபேனை ஆஃப் பண்ணுடா, ஒண்ணும் கேக்கல" என்று நாலு பேரும் கத்துவார்கள். நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் மெத்தைக்குள் வேர்த்து ஊறிவிடும். இதற்குத் திறந்த வகை ஹெட்போன் நல்ல தீர்வாகத் தோன்றும். 1968-இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்.டி. 414 அந்த வகைக்கு வழிகாட்டி. மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த அந்த ஹெட்போனின் பின்புறம் திறந்திருக்கும். காற்று வந்து போகும், ஒலியும் இயல்பாக விரியும். ஆனால் நம் வீட்டுக் குக்கர் விசிலும் மிக்ஸி சத்தமும் அதே வழியாக உள்ளே வந்துவிடும். ஆகவே நம்மில் பெரும்பாலோர் மூடிய வகையை மாட்டிக்கொண்டு வேர்வையைப் பொறுத்துக்கொள்கிறோம்.

அந்த வேர்வைக்கு முதல் பலி காது மெத்தை. ரெக்சின் போலத் தெரியும் மேலுறை பெரும்பாலும் துணியின் மேல் பூசிய பாலியூரிதேன். வியர்வையும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளை உடைக்கின்றன. பள்ளியில் நீராற்பகுப்பு என்று படித்த வினைதான். முதலில் தையலோரம் ஒரு சுருக்கம் விழும். பிறகு நகம் பட்ட இடத்தில் கறுப்புச் செதில் ஒன்று கிளம்பும். அதற்குப் பிறகு காது மடல், கழுத்து, துண்டு, தலையணை உறை என்று எங்கும் கறுப்புத் துணுக்குகள். "காதுல என்னடா, சட்டிக் கரியா?" என்று அம்மா கேட்காத வீடு இருக்காது. பத்திரமாக பீரோவில் வைத்தாலும் தப்பாது. கடற்கரை ஊரின் காற்றே போதும், தானாக உரியும். துணி அல்லது வெல்வெட் உறை போட்ட மெத்தை இப்படி உரியாது, வேர்வையும் குறையும். ஆனால் அதன் வழியே சத்தம் கொஞ்சம் கசியும், பேஸ் சற்று இறங்கும். எனக்கு அந்த நஷ்டம் பரவாயில்லை.

விளையாட்டில் ஒலி என்பது தகவல். பாட்டுக்கு பேஸ் அதிர்ந்தால் சுகம். துப்பாக்கி ஆட்டத்தில் பேஸ் அதிர்ந்தால் பக்கத்து அறையில் நடக்கிறவனின் காலடி அதில் அமுங்கிவிடும். சத்தம் இடப்பக்கமிருந்து வந்தால் இடக்காதை முதலில் தொடும், வலக்காதுக்குச் சற்றுப் பிந்தும். அந்த இடைவெளி அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். அதை வைத்தே மூளை திசையைப் பிடிக்கிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காது மடலின் மடிப்புகள் ஒலியை மாற்றுகிற விதம் சொல்லிக் கொடுக்கிறது. இந்தக் கணக்கை ஆட்டத்தின் மென்பொருளே போட்டு இரண்டு காதுக்கும் பிரித்து அனுப்ப முடியும். வேலரண்ட் ஆட்டத்தில் 2021-இல் அந்த வசதி வந்தது. 7.1 என்று அச்சடித்த ஹெட்செட்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்கள்; மற்றதெல்லாம் மென்பொருளின் வேலை. ஆட்டமும் திசையைக் கணக்கிட்டு, ஹெட்செட்டும் தன் பங்குக்குக் கணக்கிட்டால் ஒலி குழம்பிப் போகும். ஏதாவது ஒன்றை நிறுத்திவிட வேண்டும்.

வயர் இல்லாமல் ஆட விரும்புகிறவர்கள் புளூடூத்தை நம்ப வேண்டாம். சுட்டபின் சத்தம் வருகிற அளவுக்குத் தாமதமாகும். மைக்கையும் சேர்த்துப் போட்டால் பழைய டெலிபோன் மாதிரி ஒலி மெலிந்துவிடுவதும் உண்டு. யு.எஸ்.பி. டாங்கிள் வைத்து 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறவை இந்த வகையில் மேல். ஃபேன் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமைக் கூட்டும்போது மட்டும் ஒன்றை நினைவில் வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது.

ஹெட்செட் சாவது அநேகமாக டிரைவர், அதாவது உள்ளே இருக்கும் ஸ்பீக்கர், போய் அல்ல. ஜாக்கை ஒட்டிய இடத்தில் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறும். ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். வயரைத் திருகிப் பிடித்தால் கேட்கும், விட்டால் போய்விடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இதைச் சரிசெய்வதைப் பார்க்க எனக்கு அலுக்காது. ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு, ரப்பர் தோலை உரித்தால் தலைமுடி போல மெல்லிய செப்புக் கம்பிகள் வரும். சிவப்பு வலக்காதுக்கு, பச்சையோ நீலமோ இடக்காதுக்கு, செம்பு நிறத்தில் இருப்பது எர்த். நிறமெல்லாம் வார்னிஷ், அது இருக்கிறவரை மின்சாரம் பாயாது. சால்டரிங் அயர்ன் முனையில் ஈயத்தை உருட்டி அதில் கம்பியைத் தோய்த்தால் வார்னிஷ் புகைந்து எரிந்து, கம்பி வெள்ளி நிறமாகும். நடுவே ஓடும் நைலான் நூலைச் சுட்டு எடுத்துவிட்டுப் புது ஜாக்கில் பற்றவைப்பார் கடைக்காரர். டீ வாங்கிவருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கீல் உடைந்தால் அந்த வைத்தியம் செல்லாது. பிளாஸ்டிக் கீல் விண்டால் எந்தப் பசையும் அந்த இழுவிசையைத் தாங்காது. டேப் சுற்றிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். வயர்லெஸ்ஸில் பேட்டரியும் சேர்ந்துகொள்கிறது. லிதியம் பேட்டரி சில நூறு சார்ஜுக்குப் பிறகு மெல்லத் தளரும். அதை மாற்ற வழியில்லாமல் ஒட்டி மூடியிருந்தால் மொத்தமும் குப்பை. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு போனால், மெத்தை உரிந்தது தேய்மானம், அது கணக்கில் வராது என்று ஒரு சர்வீஸ் சென்டரில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஈரக் காற்றில் உரியுமென்று தெரிந்த பொருளை நம் ஊரில் விற்றுவிட்டு, மாற்று மெத்தையை விற்காமல் இருப்பதற்குத்தான் சமாதானம் இல்லை.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. சென்ஹைசரின் எச்.டி. 25 வந்தது 1988-இல். வயர், மெத்தை, பட்டை, ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஒலிபரப்புக்காரர்களும் டி.ஜே.க்களும் அதை விடாமல் வைத்திருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். விளையாட்டுக்கென்று செய்கிறவர்களில் சிலரும் இப்போது கழற்றக்கூடிய வயரும் மாற்றக்கூடிய மெத்தையும் தருகிறார்கள்.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது டிரைவரின் அளவையும் விளக்கின் நிறத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணாடி போடுகிறவரானால் அதைக் கழற்றாமலே ஹெட்செட்டை மாட்டி, கடைக்காரர் அனுமதிக்கிற வரை அப்படியே நில்லுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்: வயர் கழலுமா, மெத்தை தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் நடுத்தர விலை ஹெட்செட்டே பல வருஷம் உழைக்கும். இல்லை என்றால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அது இரண்டு கோடைக்கான சாமான்தான்.